திங்கட்கிழமைப் பேயும் மகானின் தொப்பியும்

உலகத்தில் பேய்களுக்குப் பஞ்சமே இல்லை. பாழடைந்த வீட்டில் உலாவும் பேய் உண்டு. இளம்பெண்களை மட்டும் தேடிப் பிடிக்கும் பேய் உண்டு. விருந்தாளி வருகிற நேரம் பார்த்து வீட்டுக்காரருக்கு வயிற்றுவலி கொடுக்கும் பேயும் உண்டு. ஆனால் திங்கட்கிழமை காலையில் சங்கு ஊதியதும் வேலைக்குச் சேர்ந்து, புதன்கிழமை ராஜினாமா செய்துவிட்டு, அடுத்த திங்கட்கிழமை மறுபடியும் வந்து நிற்கும் பேயைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? பாறை உடைக்கும் வெடி தயாரிக்கிற அந்த ஆலையில் அப்படி ஒன்று இருந்தது. வருஷக்கணக்காக இருந்தது.

அது வந்தால் மண்டை இடிக்கும். சும்மா தலைவலி இல்லை. நெற்றிப்பொட்டு இரண்டிலும் ஆள் வைத்துச் சம்மட்டி போடுவது மாதிரி. முகம் சிவக்கும், கண் இருட்டும், காலையில் குடித்த டீ வெளியே வரும். நைட்ரேட் எண்ணெயையும் மரத்தூளையும் கலக்கிற கொட்டகைக்காரர்களுக்கும், அந்தக் கலவையைக் காகிதக் குழலில் திணிக்கிறவர்களுக்கும் மட்டும்தான் வரும். கணக்கு எழுதுகிறவர்களைத் தொடாது. மேனேஜர் அறைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. படித்தவர்கள் என்றால் பேய்க்குக்கூட மரியாதை என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். வேறு யோசனை எதுவும் அவர்களுக்கு வரவில்லை.

அப்புறம் மகான் வந்தார்.

எங்கிருந்து வந்தார், முன்னால் என்ன செய்துகொண்டிருந்தார் என்று ஒரு ஆள்கூடக் கேட்கவில்லை. தாடி இருந்தது, நீல அங்கி இருந்தது, பின்னால் கைகட்டி நிற்க ஒரு சீடன் இருந்தான். இதற்கு மேல் என்ன வேண்டும்? ஆலைக்கு எதிரே ஒரு தகரக் கொட்டகை போட்டார். அந்த வட்டாரத்தில் தீக்குச்சி உரசினால் வேலை போய்விடும் என்பதால், விளக்கும் இல்லாமல் புகையும் இல்லாமல், மணியை மட்டும் ஆட்டிப் பேயோட்டினார். விதிகளை மதிக்கிற மகான் என்று மேனேஜருக்கே அவர்மேல் ஒரு பிரியம்.

மகான் பேயின் ரகசியத்தைக் கண்டுபிடித்துச் சொன்னார்.

"ஞாயித்துக்கிழமை உங்க தலை சும்மா இருக்கு. வெறும் தலையைப் பாத்தா பேய் விடுமா? உள்ள குடிவந்துடுது. திங்கட்கிழமை சாமான் செட்டை இறக்குது. அந்தச் சத்தம்தான் வலி!"

கூட்டம் வாயைப் பிளந்தது. வெறும் தலை என்றதும் ஒருவருக்கும் கோபம் வரவில்லை. உண்மையாக இருக்கும் என்று நினைத்தார்கள் போலிருக்கிறது.

பரிகாரமும் அவரே தந்தார். தீப்பெட்டி அளவில் ஒரு துணிப்பொட்டலம். பெயர் காப்பு. சனிக்கிழமை மாலை வாங்கித் தொப்பியின் உள்பட்டைக்குள் செருகிக்கொள்ள வேண்டும். திங்கட்கிழமை காலை வரைக்கும் தொப்பியைக் கழற்றக் கூடாது. குளித்தாலும் உடனே மாட்டிக்கொள்ள வேண்டும். தூங்கும்போதும் தலையில் இருக்க வேண்டும். காப்பின் சக்தி ஆவியாகிப் போய்விடுமாம். அதனால் வாராவாரம் புதிது வாங்க வேண்டும். சனிக்கிழமைதோறும் அந்தக் கொட்டகை வாசலில் நின்ற வரிசை அடுத்த தெரு முனையைத் தாண்டியது. ஓவர்டைம் சம்பளம் வீட்டுக்குப் போகாமல் நேராக உண்டியலுக்குப் போனது.

இதில் வேடிக்கை என்னவென்றால், காப்பு வேலை செய்தது! சத்தியமாக வேலை செய்தது. மாட்டியவனுக்குத் திங்கட்கிழமை வலி இல்லை. பிறகு கேட்கவேண்டுமா? மாமியார் தொல்லைக்குத் தனிக் காப்பு, பிரமோஷனுக்குத் தனிக் காப்பு என்று மகான் கிளை பரப்பிவிட்டார். கலவைக் கொட்டகையில் எச்சரிக்கைப் பலகை தொங்கிய இடத்தில் மகானின் படம் தொங்கியது. கொட்டகைக்குக் காற்றாடியும் கைக்கு ரப்பர் உறையும் வேண்டும் என்று யாரோ வாய் திறந்தபோது, மேனேஜர் சிரித்தார்.

"மகான் இருக்கும்போது காத்தாடி எதுக்குப்பா?"

அதற்கு முதலில் "ஆமாங்க" என்று சொன்னவர் நம் ஆமாஞ்சாமி. குழல் நிரப்புகிற வேலை. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. யார் எதைச் சொன்னாலும் ஆமாங்க, ஆமாங்க என்று தலையாட்டியதில் அது எங்கோ உதிர்ந்துவிட்டது. மகானின் பக்தர் குழுவுக்கு அவர்தான் செயலாளர். நல்ல மனுஷன், ஐயோ பாவம். தலையில் மிளகாய் அரைக்க வருகிறவனுக்கு, வசதியாக இருக்கட்டுமே என்று குனிந்து கொடுக்கிற ஜாதி.

அவர் மனைவி தையற்காரி. ஜன்னலோரம் தையல் மிஷின். வாயும் ஊசியும் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல. புருஷன் காப்புக் கட்டிய நாளிலிருந்து அவளுக்கு ஒரு புது வியாதி வந்தது. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் மண்டை இடி, முகம் சிவப்பு, குமட்டல். ஜன்மத்தில் ஆலைக்குள் கால் வைத்ததில்லை. ஆனால் வலி என்னவோ அச்சு அசல் ஆலை வலி.

ஒரு சனிக்கிழமை ராத்திரி அவள் புருஷனின் தொப்பியை உருவிக் கொல்லைக் கொடியில் தொங்கவிட்டுவிட்டுப் படுத்தாள். ஞாயிற்றுக்கிழமை பூப்போல எழுந்தாள். வலியே இல்லை. தொப்பி எங்கே என்று புருஷன் அன்று முழுக்கத் தேடியும் அவள் சொல்லவில்லை. திங்கட்கிழமை ஆமாஞ்சாமிதான் தலையைப் பிடித்துக்கொண்டு வீடு திரும்பினார்.

"பாத்தீங்களா? தொப்பி வெளில இருந்தா எனக்கு வலி இல்ல. உள்ள இருந்தா உங்களுக்கு இல்ல. அந்தப் பொட்டலத்துக்குள்ள என்னமோ இருக்குங்க" என்றாள்.

"அதுக்குள்ள சக்தி இருக்கும்மா."

"சக்தின்னா எனக்கு மட்டும் ஏன் வாந்தி வருது?"

பதில் தெரியாத கேள்வியை ஆமாஞ்சாமி எங்கே கொண்டுபோவார்? மகானிடம் கொண்டுபோனார். மகான் கண்ணை மூடினார், மணியை ஆட்டினார், பிறகு ஒரே போடாகப் போட்டார்.

"உன்னை விட்டு ஓடின பேய் உன் பெண்டாட்டி தலையில ஏறிடுச்சு. அவ அந்த வீட்டுல இருக்கிற வரைக்கும் உனக்கு விமோசனம் கிடையாது. வர்ற ஞாயித்துக்கிழமை ஆலை மைதானத்துல எனக்கு எடுக்கிற விழா முடிஞ்ச மறுநாள் அவளை அவ அம்மா வீட்டுக்கு அனுப்பிடு. திரும்பிக் கூப்பிடாதே."

வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஆமாஞ்சாமிக்கு ஆமாங்க என்ற வார்த்தை சட்டென்று வரவில்லை. பெண்டாட்டி என்றால் அவருக்கு உயிர். அவள் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டால்தான் அவருக்குச் சாப்பாடு இறங்கும். ஆனாலும் மகான் சொல்லிவிட்டாரே! அன்றைக்கே பெட்டியை இறக்கி, அவள் துணிகளை ஒவ்வொன்றாக நீவி மடித்து, அழுதுகொண்டே அடுக்கினார். அவள் இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உள்பாவாடையை ஓரமா வைங்க, கசங்கும்" என்றாள். வெளியே அப்படிப் பேசினாளே தவிர, உள்ளுக்குள் அவளுக்குப் பகீரென்றது. இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவன், மணியாட்டுகிற ஒருத்தன் பேச்சைக் கேட்டுத் தன்னை மூட்டை கட்டுகிறானே என்று ஆத்திரம் வந்தது.

மறுநாள் தலைவலி மாத்திரை வாங்கப் போனாள். மருந்துக்கடைக்காரர் மூக்குக்கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தார்.

"வாராவாரம் வாங்குறியேம்மா. வீட்டுக்காரர் எங்க வேலை?"

"வெடி ஆலையில. குழல் நிரப்புறாரு."

"அட, அதைச் சொல்லு! அந்த எண்ணெய் தோல்ல பட்டாலே போதும், மூச்சுல ஏறினாலும் போதும், ரத்தத்துல கலந்துடும். ரத்தக்குழாயை விரிச்சு விட்டுடும். மண்டை இடிக்கும். நெஞ்சுவலிக்காரங்க நாக்குக்கு அடியில வைக்கிற மாத்திரைகூட இதே சரக்குதான், துளியூண்டு."

"அப்ப புதன்கிழமை ஏன் வலி நிக்குது?"

"தினம் பட்டா உடம்பு பழகிக்கும். லீவு விட்டா பழக்கம் விட்டுப்போகும். திங்கட்கிழமை மறுபடி முதல்லேருந்து."

அவள் யோசித்தாள். "லீவு நாள்லயும் கொஞ்சம் தலையில வச்சிருந்தா?"

"பழக்கம் விடாது, திங்கட்கிழமை வலிக்காது. ஆனா உடம்புக்கு ஓய்வே இருக்காது. பக்கத்துல படுக்கிறவங்க கதி..." என்றவர் அவள் கையிலிருந்த மாத்திரையைப் பார்த்து நிறுத்தினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "இன்னொண்ணு. ரொம்ப நாள் பழகினவன் சட்டுனு விட்டாலும் நெஞ்சு பிடிக்கும். டாக்டர் பாக்கணும். விளையாட்டு இல்லம்மா."

அவள் ஓட்டமாக வீட்டுக்கு வந்து புருஷனிடம் சொன்னாள். அவர் அவள்மேல் பரிதாபப்பட்டுச் சிரித்தார்.

"அவருக்கு மாத்திரை விக்கணும், அதான் அப்படிச் சொல்றாரு."

"உங்க மகானுக்குக் காப்பு விக்க வேணாமா?"

"அது அருள்மா."

சரி, இவரிடம் பேசிப் புண்ணியமில்லை என்று அவள் தீர்மானித்துக்கொண்டாள். மிஷின் முன்னால் உட்கார்ந்தாள். அவளுக்கு ஒரு காட்சி நினைவுக்கு வந்தது. மகான் காப்பைக் கையால் தொட்டதே இல்லை; மர இடுக்கியால்தான் எடுத்துக் கொடுப்பார். சீடன் முழங்கை வரைக்கும் ரப்பர் உறை போட்டிருப்பான். ஆலை முழுக்கத் தேடினாலும் கிடைக்காத ரப்பர் உறை!

"ஏங்க, நான் போறதுக்கு முன்னாடி மகானுக்கு ஒரு தொப்பி தெச்சுக் குடுத்துட்டுப் போறேன்" என்றாள். "சரிகை வச்சு, மணி வச்சு. பக்தர்கள் எல்லாரும் ஆளுக்கொரு காப்பு குடுக்கட்டும். எல்லா சக்தியையும் ஒண்ணா அவர் தலையிலயே வச்சு அழகு பாப்போம்."

ஆமாஞ்சாமிக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. பெண்டாட்டி திருந்திவிட்டாள்! சனிக்கிழமை மாலையே வரிசையில் நின்றவர்களிடம் கையேந்தினார். பக்திப் பரவசத்தில் கூடை நிறையக் காப்பு சேர்ந்தது. அவள் கொல்லையில் காற்றோட்டமாக உட்கார்ந்து, பாத்திரம் கழுவுகிற உறையைக் கையில் மாட்டிக்கொண்டு, பட்டைக்குள் நெருக்கி நெருக்கி வைத்துத் தைத்தாள். தொப்பி ஒரு தலையணை மாதிரி உப்பியது.

ஞாயிற்றுக்கிழமை ஆலை மைதானத்தில் விழா. நல்ல வெயில். மேடையில் மகானுக்கு மட்டும் மூன்று பக்கமும் காற்றாடி. எல்லாம் மேனேஜர் உபயம். மேனேஜர் முன்வரிசையில் பளபளக்கும் ஷூவோடு உட்கார்ந்திருந்தார். கூட்டம் என்றால் அப்படியொரு கூட்டம். மகான் மூக்கைச் சிந்தினால்கூடக் கை தட்டுகிற கூட்டம்.

தையற்காரி தட்டில் தொப்பியை ஏந்திக்கொண்டு மேடையேறினாள்.

"உங்க காப்புங்கதான் மகானே. நேத்து நீங்க குடுத்தது. எல்லாத்தையும் சேத்துத் தெச்சிருக்கேன். உங்க தலைக்குத்தான் போடணும்னு ஜனங்க ஆசைப்படுறாங்க."

மகான் அந்தத் தொப்பியைப் பாம்பைப் பார்ப்பது மாதிரி பார்த்தார்.

"அங்க வையம்மா. பூஜையில வச்சுக்கறேன்."

"போட்டுப் பாக்கணுமே!"

"எனக்கு... எனக்குத் தொப்பி பழக்கமில்ல."

கீழேயிருந்து ஆமாஞ்சாமி உருகிப்போய்க் கத்தினார். "போடுங்க மகானே! எங்க பாவம் தீரும்!"

அவ்வளவுதான். "போடுங்க! போடுங்க!" என்று மைதானமே அதிர்ந்தது. வேண்டாம் என்றால் ஏன் வேண்டாம் என்று கேட்பார்கள். அத்தனை வருஷம் அவர் பயந்தது அந்த ஒரு கேள்விக்குத்தான். வேறு வழியில்லாமல் தலையை நீட்டினார். அவள் காது வரைக்கும் இழுத்துவிட்டு, தாடைக்குக் கீழே நாடாவை முடிச்சுப் போட்டாள்.

மகான் பேசத் தொடங்கினார். கொஞ்ச நேரம் நன்றாகத்தான் பேசினார். பிறகு முகம் மெல்ல மெல்லச் சிவந்தது.

"ஆகா, என்ன தேஜஸ்!" என்று முன்வரிசையில் ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

வியர்வை ஊற்றியது. நாக்கு குழறியது. "பேயென்பது... பேயென்பது..." என்று நிறுத்தி, இரண்டு கையாலும் மண்டையைப் பிடித்தார். கூட்டமும் பக்தியோடு மண்டையைப் பிடித்துக்கொண்டது.

"ஐயோ, மண்டை!" என்றார் மகான்.

"ஐயோ, மண்டை!" என்று ஆயிரம் குரல் திருப்பிச் சொன்னது. புது மந்திரம் என்று நினைத்துவிட்டார்கள்.

"யோவ், வலிக்குதுய்யா!"

"யோவ், வலிக்குதுய்யா!" என்று ராகம் போட்டுப் பாடினார்கள். சிலர் தாளமும் தட்டினார்கள்.

மகான் எழுந்தார், தள்ளாடினார், மேடை விளிம்புக்கு வந்து, வாந்தியெடுத்து மேனேஜரின் ஷூவைப் பாலிஷ் தெரியாமல் நனைத்தார். பிறகு தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். தையற்காரி சட்டென்று முடிச்சை அவிழ்த்துத் தொப்பியைக் கழற்றி, காற்றாடியை அவர் பக்கம் திருப்பினாள். சீடன் இருக்கிறானே, அவன் லேசுப்பட்டவன் இல்லை. ஒலிபெருக்கியைப் பிடுங்கிக்கொண்டான்.

"பக்தகோடிகளே! ஊர்ப் பேய் அத்தனையையும் மகான் தன் தலையில ஏத்துக்கிட்டாரு!"

மைதானம் ஆர்ப்பரித்தது. பத்துப்பேர் மயங்கி விழுந்தார்கள். வசதியாக நிழல் பார்த்து விழுந்தார்கள். தையற்காரி கூட்டத்தைப் பார்த்தாள். இவ்வளவு கண்ணெதிரே நடந்த பிறகும் இந்த ஜனம் இப்படிக் கூத்தாடினால், நாளைக்குக் காலையில் தான் பெட்டியைத் தூக்க வேண்டியதுதான். அவள் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு சீடன் பக்கம் திரும்பினாள்.

"பேய் எல்லாம் மகான் தலைக்குப் போயிடுச்சு. அப்ப தொப்பி சுத்தமா இருக்கும் இல்ல? இனிமே சக்தி மட்டும்தான். இந்தா, நீ போட்டுக்க."

சீடன் முகம் வெளுத்தது. "எனக்கு வேணாம்."

"ஏன்?"

"வேணாம்னா வேணாம்!" என்று மேடையைச் சுற்றி ஓட ஆரம்பித்தான். தையற்காரி பின்னாலேயே போனாள்.

அவனைப் பிடித்தது யார் தெரியுமா? ஆமாஞ்சாமிதான்! பக்தி முற்றிப்போய் மேடையில் தாவி ஏறி, சீடனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"போட்டுக்க தம்பி! யாருக்குக் கிடைக்கும் இந்தப் பாக்கியம்? மகான் தலையில இருந்த தொப்பிடா!"

தொப்பி நெற்றியைத் தொடும் முன்னாலேயே சீடன் அலறிவிட்டான்.

"எடுங்க அதை! ஆலைத் தூளு அது! கலவைக் கொட்டகையில பெருக்கிக் கொட்டுற எண்ணெய் மரத்தூளு! இது பட்டாலே என்னால தாங்க முடியாதுன்னுதானே கையுறை போட்டுக்கறேன்!"

ஒலிபெருக்கி அவன் கையில்தான் இருந்தது. ஆகவே தெருக்கோடி வரைக்கும் கேட்டது.

எல்லாரும் மகானைப் பார்த்தார்கள். அவர் தலையை முழங்காலுக்கு நடுவில் புதைத்துக்கொண்டு முனகினார். "நானும் ஒரு காலத்துல வேற ஆலையில கலவைக்காரன்தான்யா. அங்க பழைய ஆளுங்க எல்லாம் லீவு நாள்ல தொப்பிக்குள்ள கொஞ்சம் தூளை வச்சுக்குவாங்க, திங்கட்கிழமை வலிக்காம இருக்க. அதைத்தான் நான் பொட்டலம் கட்டினேன். இப்பப் பழக்கம் விட்டுப்போச்சு... ஐயோ, யாராவது ஒரு மாத்திரை குடுங்களேன்!"

தையற்காரி முந்தானையில் முடிந்து வைத்திருந்த மாத்திரையை எடுத்துக் கொடுத்தாள். மருந்துக்கடைக்காரர் அவளிடம் சொன்ன எல்லாவற்றையும் அதே ஒலிபெருக்கியில் சொன்னாள். ஆமாஞ்சாமிக்கு ஒவ்வொன்றாக விளங்கியது. பேயை ஓட்டுகிறேன் என்று பேயையே பொட்டலம் கட்டிக் கொடுத்திருக்கிறான். அதைத் தலையில் சுமந்துகொண்டு வந்து பெண்டாட்டி பக்கத்தில் படுத்தோம். அவளுக்கு வலித்ததும் அவளையே பேய் என்றோம். அவரை வெட்கம் பிடுங்கித் தின்றது. அத்தனை பேர் முன்னால் ஓவென்று அழுதார்.

வீட்டுக்கு வந்ததும் பெட்டியைக் காட்டினார். "பிரிச்சுடும்மா."

"நான் ஏன் பிரிக்கணும்? கட்டினது யாரு?"

அவரே பிரித்தார். ஒவ்வொரு துணியாக எடுத்து நீவி அலமாரியில் வைத்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு மிஷினை ஓட்டினாள். மனசு ஆற அவளுக்குக் கொஞ்ச நாள் பிடிக்கும் என்பது அவருக்கும் தெரிந்திருந்தது.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் திங்கட்கிழமை என்று ஒன்று வருமே! காப்பு இல்லை, வலி வந்தது. மகானும் சீடனும் ராத்திரியோடு ராத்திரியாகக் கம்பி நீட்டிவிட்டார்கள். சாப்பாட்டு நேரத்தில் தையற்காரி கதவைத் திறந்தால், வாசலில் வரிசை. முன்னால் நின்றவர் கும்பிடு போட்டார்.

"அக்கா, மகானையே விழத்தட்டினவங்க நீங்க. உங்க சக்தி பெருசு. நீங்களே ஒரு காப்பு தெச்சுக் குடுத்துடுங்க."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். அன்றைக்கு அவளுக்கு வந்தது மட்டும் அசல் தலைவலி.

"சக்தியும் இல்ல, மண்ணும் இல்ல! காத்தாடியும் கையுறையும் டாக்டரும் வேணும் உங்களுக்கு. எல்லாரும் என்கூட வாங்க" என்று கிளம்பினாள். வரிசை அப்படியே திரும்பி அவள் பின்னால் நடந்தது. ஆமாஞ்சாமி முதல் ஆளாக நடந்தார்.

மேனேஜர் புது ஷூ போட்டிருந்தார். "அந்த எண்ணெயால ஒண்ணும் ஆகாதும்மா. எல்லாம் மனப்பிரமை. வேணும்னா வேற நல்ல மகானா பாத்து ஏற்பாடு பண்றேன். என்னப்பா, சரிதானே?" என்று பழக்கதோஷத்தில் ஆமாஞ்சாமியைப் பார்த்தார்.

ஆமாஞ்சாமி தொண்டையைச் செருமினார். "இல்லீங்க" என்றார். சொல்லிவிட்டு அவரே திடுக்கிட்டார். ஆனால் வாபஸ் வாங்கவில்லை.

தையற்காரி பையைத் திறந்து, உறை மாட்டிய கையால் அந்தச் சரிகைத் தொப்பியை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"ஒண்ணும் ஆகாதுன்னா நல்லதாப் போச்சு சார். காத்தாடி வர்ற வரைக்கும் இதைப் போட்டுக்கிட்டு இங்கயே உக்காருங்க. நாங்க காத்திருக்கோம்."

மேனேஜர் நாற்காலியைச் சுவர் வரைக்கும் பின்னால் தள்ளிவிட்டு, எட்டி நின்றபடியே டெலிபோனை எடுத்தார். அதே வாரத்தில் காற்றாடி வந்தது, கையுறை வந்தது, நெஞ்சைச் சோதிக்க டாக்டர் வந்தார். எச்சரிக்கைப் பலகையும் பழைய ஆணிக்கே வந்து சேர்ந்தது.

தொப்பிக்குள் இருந்த தூளை ஆலைக்காரர்களே வாங்கி, பக்குவமாக அழித்துவிட்டார்கள். வெறும் தொப்பி இன்னும் தையற்காரியிடம் இருக்கிறது. உங்கள் ஊரில் மகான் யாராவது எதையாவது உங்கள் தலையில் கட்டினால் அவளுக்குச் சொல்லியனுப்புங்கள். அதையே உள்ளே வைத்துத் தைத்துத் தருவாள். அளவு மட்டும் மகானின் தலையில் எடுங்கள். உங்கள் தலைக்கு வேறு வேலை இருக்கிறது, அதைச் செய்யவிடுங்கள்.